நேபாள லோக்தா நோட்டு: ஒரு வருஷம் எழுதிப் பார்த்த பிறகு

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும்போது, ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் குவித்து வைத்திருக்கும் கடைகளைத் தாண்டி, ஒரு மடக்கு மேசை போட்டு ஒருவர் நோட்டு விற்கிறார். மேசையில் வேறு எந்தச் சரக்கும் கிடையாது. நேபாள மலை ஊர் ஒன்றில் தைத்த, லோக்தா என்ற காகிதத்தில் செய்த நோட்டுகள் மட்டும். மூன்று அளவு இருக்கிறது: 150 ரூபாய், 280 ரூபாய், 450 ரூபாய். நடு அளவில் ஒன்றை 2024 நவம்பரில் வாங்கினேன். அது முழுக்க எழுதி முடித்துவிட்டேன். இந்த நவம்பரில் இரண்டாவது வாங்கியிருக்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் மேசையில் அதைப் பார்த்துவிட்டு “நல்லா இருக்கா, வாங்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் முத்தியால்பேட்டையில் பைண்டிங் வேலை செய்கிறேன். அப்பா கடலூர் முதுநகரில் பைண்டர். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு பதினேழு வருஷம் ஒரு ஹேண்ட்மேட் பேப்பர் பட்டறையில் இருந்தேன். புதுச்சேரிக்கு அந்தத் தொழில் பழக்கமானதுதான். ஆசிரமத்தின் காகிதத் தொழிற்சாலையே 1959இல் தொடங்கியது. அதனால் காகிதத்தைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பேன், அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன், அதற்குப் பிறகுதான் விலை கேட்பேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “அக்கா, என்னைத் தெரியலையா?” என்றார்.

எங்கள் தெருவில் ஏழெட்டு வருஷம் இரவுக் காவலுக்கு வந்தவர். விசில் ஊதிக்கொண்டு, கழியால் கரண்ட் கம்பத்தைத் தட்டிக்கொண்டு போவார். மாதம் பிறந்தால் வீட்டுக்கு முப்பது ரூபாய். தெருவே அவரைக் கூர்க்கா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படித்தான். இப்போது லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. ஞாயிறு பகலில் மட்டும் இந்த மேசை. அவர் மகர் இனத்தைச் சேர்ந்தவர், ஊர் மியாக்தி மாவட்டத்து மலை, ஒன்பதாவது படிக்கும் மகள் அங்கேதான் இருக்கிறாள் என்பதெல்லாம் நோட்டு வாங்கிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷம் டீ கொடுத்திருக்கிறேன், எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்.

காகிதத்துக்கு வருகிறேன். நாங்கள் இங்கே செய்தது பருத்தித் துணிக் கழிவிலிருந்து. துணியை வெட்டி, பீட்டர் என்ற எந்திரத்தில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, கம்பளித் துணிமேல் கவிழ்த்து, பிரஸ்ஸில் அழுத்திப் பிறகு காயப் போடுவோம். லோக்தா வேறு வழி. அது நேபாள மலைக்காடுகளில், சுமார் 1,600 மீட்டருக்கு மேலே வளரும் ஒரு புதர். வேரோடு பிடுங்குவதில்லை. தண்டை வெட்டி, பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டிவிட்டு உள்நாரை மட்டும் எடுக்கிறார்கள். விட்டுவைத்த அடிக்கட்டை மறுபடி துளிர்த்து ஐந்திலிருந்து எட்டு வருஷத்துக்குள் அடுத்த வெட்டுக்குத் தயாராகிவிடும். நாரை முன்பு சாம்பல் நீரில் வேக வைத்தார்கள், இப்போது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. வெந்ததை மரச் சுத்தியலால் அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் மிதக்கும் சட்டத்துக்குள் ஊற்றிக் கையாலேயே பரப்புகிறார்கள். பிரஸ் கிடையாது. சட்டத்தோடு வெயிலில் சாய்த்துவைத்து, காய்ந்ததும் உரித்து எடுப்பது. ஒரு தாள் காய்கிறவரை ஒரு சட்டம் அதற்கே போய்விடும். எங்கள் பட்டறையில் ஒரு சட்டத்தில் நாளெல்லாம் தாள் எடுப்போம். அவர்களுக்கு வெயிலும் சட்டமும் எத்தனையோ அத்தனை தாள்தான்.

இந்த வேறுபாடு தாளில் தெரிகிறது. நம் பருத்திக் காகிதம் தடித்து, மெத்தென்று இருக்கும். லோக்தா மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் நீள நீளமாக நார் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. தாளின் ஓரத்தைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தேன். எளிதில் கிழியவில்லை, கிழிந்தபோதும் துணி கிழிவதுபோல நார் இழுத்துக்கொண்டு வந்தது. அந்தத் தாங்குதல்தான் இதன் முதல் பெருமை. அங்கே நிலப் பத்திரமும் அரசாங்க உத்தரவும் தலைமுறை தலைமுறையாக இதில் எழுதினார்கள் என்பதை நம்ப முடிகிறது.

எழுத எப்படி? பென்சிலுக்கு இதைவிடச் சுகமான தாளை நான் பார்த்ததில்லை. பால்பாயிண்ட் பேனா நன்றாக ஓடும். இங்க் பேனாவுக்கு இது சரிப்படாது. நம் பட்டறையில் ரோசினும் படிகாரமும் சேர்த்து சைசிங் செய்வோம், மை ஊறாமல் நிற்கும். இதில் சைசிங் இல்லாததால் மை நார் வழியே ஓடி எழுத்துக்கு மீசை முளைத்துவிடுகிறது. ஜெல் பேனா சொரசொரப்புப் பக்கத்தில் சிக்குகிறது. என் மகள் மார்கழிக் கோலங்களைப் பென்சிலில் போட்டு, மேலே வாட்டர்கலர் தொட்டாள். நிறம் பரவினாலும் பார்க்க அழகாக இருந்தது. கல்லூரி நோட்ஸ் எழுதவோ கணக்குப் போடவோ இதை வாங்க வேண்டாம். பாட்டி சொல்லும் சமையல் குறிப்பு, கோலம், வம்சாவளி, நாட்குறிப்பு மாதிரி நாள்பட வைத்திருக்க வேண்டியதற்கு வாங்குங்கள்.

இன்னொன்று, பூச்சி. கடலோரத்து ஈரக் காற்றில் புத்தகம் வைத்திருக்கிறவர்களுக்கு ராமபாணப் பூச்சி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா மைதா பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடாமல் இறக்கவே மாட்டார். லோக்தாவைப் பூச்சி தொடாது என்று தம்பி சொன்னபோது விற்கிறவர் பேச்சு என்றுதான் நினைத்தேன். பீரோவில் அரிப்பு அதிகமான கீழ்த்தட்டில், சாதாரண நோட்டு ஒன்றோடு ஒட்டி வைத்தேன். பத்து மாதத்தில் சாதாரண நோட்டின் முதுகும் அட்டையும் சல்லடையாகிவிட்டன. லோக்தா தாளில் ஒரு ஓட்டைகூட இல்லை.

வேண்டுமென்றே செய்யாத சோதனையும் ஒன்று நடந்தது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கடைக்குள் முழங்கால் தண்ணீர். கட்டி முடித்து டெலிவரிக்கு அடுக்கியிருந்த அறுபது ரெஜிஸ்டர்கள் ஊறிப்போய், மில் போர்டு அட்டை உப்பி, எல்லாம் வீண். இந்த நோட்டும் கீழ் அலமாரியில் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. எடுத்துப் பிழியாமல், தாள் தாளாகப் பிரித்து, மாடியில் காற்றுப்படக் கொடியில் போட்டேன். மூன்று நாளில் காய்ந்துவிட்டது. கொஞ்சம் சுருக்கம், அவ்வளவுதான். பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது. ஆனால் சிவப்பு அட்டையின் சாயம் கரைந்து முதல் பத்துப் பக்கம் இளஞ்சிவப்பாகிவிட்டது. அதனால் சிவப்பும் நீலமும் வேண்டாம், சாயம் போடாத மண் நிற அட்டை நோட்டையே கேட்டு வாங்குங்கள்.

பைண்டிங் பற்றிச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மோசம். சேர்த்து மடித்துத் தைக்கும் தாள் கற்றையைப் பாரம் என்போம். பாரத்துக்குப் பத்துத் தாள் மடித்திருக்கிறார்கள். இவ்வளவு நார் உள்ள தாளில் ஐந்துக்கு மேல் போனால் முதுகு வீங்கும். தையல் மூன்றே துளையில், அதுவும் சாக்குத் தைக்கும் நூல் கனத்தில். முடிச்சுகளை முதுகிலேயே விட்டு அதன்மேல் பசையை அப்பியிருந்தார்கள். நோட்டை மேசையில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளும், இடது கையால் அழுத்திக்கொண்டே எழுத வேண்டும். நனைவதற்கு முன்பே நடுப்பாரம் ஆட ஆரம்பித்துவிட்டது. 280 ரூபாய்க்கு இந்தத் தையலை என் கடையில் ஒரு பையன் தைத்துக் கொடுத்திருந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லியிருப்பேன்.

அப்படியிருந்தும் ஏன் இரண்டாவது வாங்கினேன் என்றால், கடைசி அட்டையின் உள்ளே ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுதான்.

சீட்டு நேபாளியில் இருந்தது. மேலே 2081 என்று வருஷம். நான் அச்சுப்பிழை என்றேன். தம்பி, “இல்லை அக்கா, எங்க வருஷம் அது” என்றார். விக்ரம சகாப்தம், நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே அவர்களுக்கும் வைசாக மாதம் பிறக்கிறது, பள்ளிக்கூட வருஷமும் அப்போதுதான் தொடக்கம். கீழே கணக்கு. நோட்டின் விலை அவர்கள் பணத்தில் 448. நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160, அதனால் நம் 280. காகிதத்துக்கு 95, தைத்த பெண்களுக்கு 45, கோவேறு கழுதையிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுவர 40, விற்கிறவருக்கு 30, பள்ளிக்கூடத்துக்கு 70. அவர் வரி வரியாகச் சொல்லச் சொல்ல நான் நம் பணத்துக்கு மாற்றி எழுதிக் கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. எங்கள் மகளிர் குழுவில் ஆறு வருஷம் நான்தான் பொருளாளர், கூட்டாமல் எதையும் நம்ப மாட்டேன். “இந்தப் பொருளை வாங்கினால் ஏழைக் குழந்தைகள் படிப்பார்கள்” என்று பொதுவாக எழுதி, எவ்வளவு, யாருக்கு என்று சொல்லாமல் விற்கும் கடைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எழுபது ரூபாய் என்று எண்ணைப் போட்டு எழுதிய நோட்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த எழுபது எங்கே போகிறது என்று கேட்டேன். நேபாளத்தில் அரசுப் பள்ளியைச் சாமுதாயிக் வித்யாலயம், அதாவது சமுதாயப் பள்ளி என்றே சொல்கிறார்கள். நம் பள்ளி மேலாண்மைக் குழுபோல அங்கேயும் பெற்றோர் உள்ள நிர்வாகக் குழு உண்டு. அரசு அனுமதித்த ஆசிரியர் பணியிடத்துக்குத் தர்பந்தி என்று பெயர். மலைப்பள்ளிகளில் வகுப்பு இருக்கும், பாடம் இருக்கும், தர்பந்தி இருக்காது. அப்போது ஊரே பணம் திரட்டி ஆளைப் போடுகிறது. அப்படி வருகிறவரை நிஜி ஸ்ரோத் ஆசிரியர் என்கிறார்கள், சொந்த நிதி ஆசிரியர். தம்பி ஊரில் அறிவியலுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் சம்பளத்துக்குத்தான் இந்த எழுபது. முதல் வருஷ விற்பனையில் பள்ளிக்குப் போனது 13,400 இந்திய ரூபாய். அதை வைத்து ஒரு வாத்தியாருக்கு ஒரு வருஷம் சம்பளம் போட முடியாது என்பது தெரிந்ததே. மீதியை ஆமா சமூஹ திரட்டுகிறது. ஆமா என்றால் அவர்கள் மொழியில் அம்மா. அம்மாக்கள் குழு. விருந்தாளி வந்தாலோ, ராணுவத்திலிருந்து யாராவது விடுமுறையில் வந்தாலோ, இந்தப் பெண்கள் பாடி ஆடிக் காசு சேர்ப்பார்கள். அந்தக் காசில் பாதை போடுவார்கள், பள்ளிக்குக் கொடுப்பார்கள். நோட்டைத் தைப்பதும் அவர்களே.

தம்பி சொன்ன இன்னொன்றை நான் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டேன். மலை ஏற வந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, சுவருக்குப் பெயிண்ட் அடித்துப் படம் வரைகிறோம் என்றார்களாம். ஊர்க் கூட்டத்தில் பேசிவிட்டு, “பெயிண்ட் வேண்டாம், வாத்தியார் தங்க ஒரு அறைக்குத் தகரம் வாங்கிக் கொடுங்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். கீழேயிருந்து வருகிற வாத்தியார்கள் தங்க இடமில்லாமல் ஒரு குளிர்காலத்தோடு போய்விடுகிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும், வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தகரம் வந்தது. கல்லும் மரமும் ஊருடையது, கூலியும் ஊருடையது.

இதைக் கேட்டபோது எனக்கு 2005 பொங்கல் சமயம் ஞாபகம் வந்தது. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். நான் அப்பாவுக்கு ஒத்தாசைக்கு முதுநகர் போயிருந்தேன். அப்பாவுக்கு அவசர ஆர்டர் ஒன்று வந்தது: கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க 3,000 நோட்டு, அட்டையில் கொடுப்பவரின் படம் பெரிதாக. ராப்பகலாகத் தைத்தோம். கொண்டுபோய் இறக்கியபோது அந்தப் பள்ளி வராந்தாவில் ஏற்கெனவே இரண்டு லாரி நோட்டு மழைக்கு நனைந்து கிடந்தது. ரோட்டோரமெல்லாம் யாரும் எடுக்காத பழைய துணி மூட்டைகள். அங்கிருந்த டீச்சரம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார், “நோட்டு போதும்மா. பொம்பளப் பிள்ளைங்க போற பாத்ரூமுக்குக் கதவு இல்லை, அதைக் கேட்டா யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க.” ஒரு கதவு. எங்கள் ஆர்டரில் அட்டை அச்சடித்த செலவில் நாலு கதவு போட்டிருக்கலாம். நாங்கள் கூலியை வாங்கிக்கொண்டு வந்தோம். அப்பா சாகும்வரை அதைப் பேசுவார்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் அவர்கள் நிலநடுக்கத்தைச் சொன்னார். 2015 ஏப்ரல் 25, பகல் 11.56. அளவு 7.8. கோர்க்கா மாவட்டத்தில் மையம், அவர் ஊருக்கு அவ்வளவு சேதம் இல்லை, ஆனால் நாடு முழுக்க ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள், 7,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் இடிந்தும் விரிசல் விட்டும் போயின. அன்று சனிக்கிழமை. அப்போது அங்கே வார விடுமுறை சனிக்கிழமைதான், ஞாயிறு பள்ளி உண்டு. “பள்ளி நாளா இருந்திருந்தா…” என்று அவர் ஆரம்பித்தார். எங்களுக்கும் ஞாயிறாக இருந்ததால்தான் கடலோரப் பள்ளிகள் காலியாக இருந்தன என்றேன். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து விலை கேட்டார்.

நோட்டில் பள்ளி நடத்தும் இந்த யோசனை அவர்களாகக் கண்டுபிடித்ததா என்றேன். பக்கத்து நாங்கி ஊரைப் பார்த்து என்றார். மகாபீர் புன் என்பவரின் ஊர் அது. அமெரிக்காவில் படித்துவிட்டு 1990களில் ஊர் திரும்பி, ஊராரோடு சேர்ந்து மேல்நிலைப் பள்ளியை வளர்த்தவர். யாரோ கழித்துக் கொடுத்த கம்ப்யூட்டர் பாகங்களை மரப்பெட்டிக்குள் பொருத்தி, ஓடைத் தண்ணீரில் எடுத்த மின்சாரத்தில் ஓட்டியிருக்கிறார்கள். 2002இல் டி.வி. டிஷ்களை மரத்தில் கட்டி, கம்பியில்லாமல் மலைக்கு இணையம் கொண்டுவந்தார்கள். 2007இல் அவருக்கு மகசேசே விருது. 2025 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் கல்வி அமைச்சராகவும் ஆனார். எனக்கு இதில் பிடித்தது விருதைவிட, பள்ளிச் செலவுக்காக அந்த ஊர் செய்த சின்னச் சின்னத் தொழில்கள்: லோக்தா காகிதம், காளான், ஜாம். மேலே மொஹரே டாண்டா என்ற முகட்டில், 3,300 மீட்டரில், ஊர்களே நடத்தும் தங்கும் விடுதி. நடைப்பயணிகள் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பள்ளிகளுக்கு. எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1961இல் கும்ஜுங் என்ற ஊரில் பள்ளி கட்டியதும் ஷெர்பாக்கள் கேட்டதால்தான். அது வேறு பக்கத்து மலை, பெரிய பெயர், பெரிய உதவி. நாங்கி மாதிரி ஊர்களில் அவர்கள் பட்டையை வேகவைத்து அவர்களே நடத்துகிறார்கள்.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தம்பியே நம்பவில்லை. இளவட்டம் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் இந்தியாவுக்கும் போகிறது, வசதி வந்தவர்கள் பிள்ளைகளைப் போகரா நகரத்துப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை அரசு பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுகிறது. அவர் மகள் படிக்கும் பள்ளியிலும் கீழ் வகுப்பில் பெஞ்சு காலி. “வாத்தியார் நல்லா இருந்தா பிள்ளை இருக்கும், பிள்ளை இருந்தா பள்ளிக்கூடம் இருக்கும். அதுக்குத்தான் அக்கா ஓடுறோம்” என்றார். அந்த அறிவியல் வாத்தியார் மூன்றாவது வருஷமாக அங்கேயே இருக்கிறார், தகர அறையில்.

விலை கூடுதலா என்று கேட்டால், ஆமாம். இதே அளவில் பருத்திக் காகித நோட்டை நான் 220க்குக் கட்டித் தருவேன், தையலும் நன்றாக இருக்கும். இங்க் பேனாக்காரர்கள் என்னிடம் வாங்குவதே நல்லது. 150 ரூபாய் நோட்டு ரொம்பச் சின்னது, பரிசு கொடுக்கலாம். 450 ரூபாய் நோட்டு கனம் தாங்காமல் முதுகு சீக்கிரம் விடும். 280தான் சரி. பேரம் பேசாதீர்கள். குறைத்தால் அந்த 30 ரூபாயிலிருந்துதான் அவர் குறைப்பார், சீட்டில் எழுதிய மற்றதைத் தொடமாட்டார். ஒருமுறை ஒருவர் 250க்கு வாங்கிப் போனதைப் பார்த்தேன். தம்பி தன் பர்ஸிலிருந்து முப்பதை எடுத்து நோட்டுப் பணம் வைக்கும் டப்பாவில் போட்டார்.

ஐப்பசிக்குப் பக்கத்தில் தசைன் பண்டிகைக்கு ஊர் போவார், திரும்பும்போதுதான் சரக்கு வரும். ரயிலில் கோரக்பூர் போய், சுனௌலியில் எல்லை தாண்டி, பஸ் மாறி மாறிப் போய், கடைசியில் நடை. அதனால் தீர்ந்துவிட்டால் அடுத்த வருஷம்தான். மார்கழிக்குள் போய்ப் பாருங்கள்.

தையல் விஷயத்தை அவரிடம் போன ஆடியில் சொல்லிவிட்டேன். முகம் வாடிவிடுமோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் வாடவில்லை. “நீங்களே சொல்லிக் கொடுங்க அக்கா” என்று வீடியோ கால் போட்டார். அங்கே நம்மைவிடக் கால் மணி நேரம் முன்னால். இங்கே ஆறரைக்கு நான் கடையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தபோது அவர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள். மூத்தவருக்கு எழுபது இருக்கும். நான் தமிழில் சொல்ல, தம்பி நேபாளியில் சொல்ல, ஐந்து தாள் மடிப்பு, ஐந்து துளை, மெழுகு தடவிய மெல்லிய நூல், முடிச்சை உள்ளே விடுவது எல்லாம் காட்டினேன். நடுவில் மூன்று தடவை லைன் போனது. மூத்தவர் ஊசியைக் கேமராவுக்கு நேரே நீட்டி, அவர்கள் ஊசி தடிமன் என்பதைக் காட்டினார். நம் பைண்டிங் ஊசி இரண்டு பாக்கெட் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன்.

இந்த நவம்பர் நோட்டில் 2082 என்று போட்டிருக்கிறது. பாரத்துக்கு ஐந்து தாள், துளை ஐந்து, முடிச்சு உள்ளே. மேசையில் விரித்தால் விரித்தபடி கிடக்கிறது. நூல் மட்டும் இன்னும் கனம், மெழுகும் தடவவில்லை. தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த ஞாயிறு மறுபடி கால் போடுவதாகச் சொன்னார்.